ஒரு தோட்டத்துக்கு இரண்டு காமன்

மச்சான்,

என் கடைக்குப் பின்னால் நிற்கிற ஆமணக்கை இந்த மாசியில் இரண்டு கூட்டம் வந்து ஒடித்தது. காலையில் மேட்டு லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் வந்தார்கள். காமன் கம்பத்துக்கு ஒரு கிளை வேண்டும் என்றார்கள். வருஷா வருஷம் கொடுப்பதுதானே, கொடுத்தேன். அன்றைக்கே சாயங்காலம் பள்ளத்து லயத்து ஆட்கள் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் ஒரு கிளை வேண்டுமாம், அதுவும் காமன் கம்பத்துக்காம். அவர்கள் முறித்துப்போட்ட மொட்டைக் கொப்புகளை இன்று காலைதான் கத்தி எடுத்துச் சீவிவிட்டேன். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் நீ ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்தில் டேப்புத் தோலைத் தணலில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்முன் வந்துவிட்டது. கத்தியைப் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு தோட்டத்துக்கு இரண்டு காமன். கேள்விப்பட்டிருக்கிறாயா நீ? மன்மதன் ஒருவன், அவனுக்கு ரதி ஒருத்தி, அவனை எரிக்கிற சிவன் ஒருவன். நம் பாட்டன்கள் கடல் தாண்டி வந்து காடு வெட்டிய காலத்திலிருந்து அப்படித்தான். இப்போது ரோட்டுக்கு மேலே ஒரு கம்பம், ரோட்டுக்குக் கீழே ஒரு கம்பம். இரண்டையும் ஊன்றி வைத்தவர்கள் யார் என்று கேள். உன் பெரிய மகனும் உன் சின்ன மகனும்.

கோபப்படாமல் கேள். இல்லை, கோபப்படு. எனக்கு மட்டும் ஏன் இந்த எரிச்சல்?

நாம் இரண்டு பேரும் லாவணிக்கு எதிரெதிரே உட்கார்ந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். சிவன் கண்ணைத் திறந்ததும் மன்மதன் எரிந்தே போனான் என்று சொல்வது எரிந்த கட்சி. அவனாவது எரிவதாவது என்று சொல்வது எரியாத கட்சி. ஒரு வருஷம் நீ எரிந்த கட்சி, நான் எரியாத கட்சி. அடுத்த வருஷம் இடம் மாறிக்கொள்வோம். போன வருஷம் நீ என் வாயை அடைத்த கேள்வியை நான் இந்த வருஷம் உன் பக்கமே திருப்பிப் போடுவேன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். ரப்பர் ஸ்டோர் சிங்கள ஆட்கள்கூட விளங்கியும் விளங்காமலும் வந்து உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு கேட்பார்கள்.

ஆனால் நம் தோட்டத்து லாவணிக்கு ஒரு சட்டம் இருந்தது. எதிராளி கேட்டதற்கு உடனே பதில் பாடிவிட முடியாது. அவன் கேட்டதை முதலில் நம் வாயால் பாடிக்காட்ட வேண்டும். "ஆமா, நான் கேட்டது அதுதான்" என்று அவன் டேப்பில் ஒரு தட்டுத் தட்டின பிறகுதான் நமக்குப் பதில் சொல்ல உரிமை. அவன் தட்டவில்லையா, திரும்பப் பாடு. நீ அதில் படு கிராதகன். நான் மூச்சு வாங்கப் பாடி முடித்தாலும் கையை டேப்பிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வாய்.

"நான் கேட்டது அது இல்ல மச்சான். ஒனக்குப் பதில் சொல்ல எது தோதோ, அதக் கேள்வியா மாத்திக்கிட்ட."

ஒரு வருஷம் எரிந்தது மெய்யானால் அதற்குப் பிறகு ரதி யாரோடு பேசினாள் என்று நீ கேட்டதை மூன்று விதமாகப் பாடியும் நீ தட்டவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போகப் பார்த்தேன். நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய். நாலாவது தடவை பாடினபோதுதான், சே, இவன் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறதே என்று எனக்கே பட்டது. நீ தட்டினாய். அதற்குப் பிறகு எனக்குப் பதிலே வரவில்லை, தோற்றேன். தோற்றவன் வீட்டில்தான் மறுநாள் சாப்பாடு என்பதால் உன் குடும்பமே வந்து என் வீட்டில் கோழிக்கறி தின்றுவிட்டுப் போனது.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன்.

நீ போன பிறகு வந்த எலக்சனில் தோட்டம் இரண்டாகப் பிளந்தது. பெரியவன் கட்டாரிலிருந்து வந்து தொழிலாளர் சங்கத்துக்குத் தோட்டத் தலைவராகிவிட்டான், அது உனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். சின்னவனுக்குக் கொழும்புப் பக்கம் பியகமவில் ஃபாக்டரி வேலை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து பள்ளத்து லயத்தில் புதுக் கட்சிக்குக் கூட்டம் போட்டான். அண்ணன் மேடையில் நின்று தம்பியைக் காட்டிக்கொடுத்தவன் என்றான். தம்பி போனில் அண்ணனைச் சந்தாவில் வயிறு வளர்ப்பவன் என்று எழுதினான். நமக்கும் சண்டை இருந்தது. ஆனால் எலக்சன் முடிந்தால் கொடியை இறக்கிச் சுருட்டி அடுப்படிப் பரணில் போட்டுவிடுவோம். இவர்கள் எலக்சன் முடிந்தும் இறக்கவில்லை. பெரியவன் வீட்டுப் பிள்ளை சின்னவன் வீட்டுப் பிள்ளையோடு விளையாடினால் அடி விழுகிறது.

பஜாரில் கடை வைத்திருக்கிற எனக்கே பருப்பு விற்க முடியவில்லை. பள்ளத்து ஆட்களுக்குச் சாமான் கொடுத்தேன் என்று மேட்டு ஆட்கள் வேறு கடைக்குப் போகிறார்கள். "நீங்க எந்தப் பக்கம்னு சொல்லிப்புடுங்க" என்று ஒரு பையன் என் முகத்துக்கு நேரே கேட்டான். கடைப் பக்கம்டா என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான்.

கம்பம் ஊன்றுவதற்கு முந்தின நாள் தங்கச்சி கடைக்கு வந்தாள். உன் வீட்டுக்காரிதான். வெயிலில் நடந்து வந்தவள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, நான் எந்தக் காமனுக்கு மாவெளக்கு எடுக்கிறது?"

கையில் இருந்த தராசைக் கீழே வைத்தேன்.

"மேல எடுத்தா சின்னவன் என் மொகத்துல முழிக்க மாட்டேங்கிறான். கீழ எடுத்தா பெரியவன், அப்பிடியே கீழயே இருந்துக்கங்கன்னு சொல்றான். நீங்க ரெண்டு பேருக்கும் மாமாதானே. ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டேன் தங்கச்சி. ரெண்டு பேரும் என்னையத்தான் கேள்வி கேக்குறானுக."

"அவரு இருந்தா இப்பிடி நடக்குமா?" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கற்பூரம் வாங்க வந்தவள் வாங்காமலே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் மேட்டில் லாவணி என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன், உன் இடத்தில் யார் உட்காருகிறான் பார்ப்போம் என்று. யாரும் உட்காரவில்லை, மச்சான். என் எதிரே வெறும் பாய். மேட்டில் எல்லாரும் எரிந்த கட்சியாம். எரியாத கட்சி பள்ளத்துக்குப் போய்விட்டதாம், அங்கே அவர்கள் தனியாகப் பாடுகிறார்களாம். எதிராளி இல்லாத லாவணியை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒருவன் எழுந்து கேள்வியைக் கேட்டு, பதிலையும் அவனே பாடுகிறான். ஒவ்வொரு வரிக்கும் கைதட்டு. நாம் பாடின காலத்தில் நமக்கு அதில் பாதிக் கைதட்டுக்கூட விழுந்ததில்லை. மன்மதனை விட்டுவிட்டுக் கீழ் லயத்தான் எப்படிப்பட்டவன், அவன் பொண்டாட்டி எப்படிப்பட்டவள் என்று பாட ஆரம்பித்ததும் நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். இரண்டு பக்கமும் அவரவர் பாட்டையே கேட்டு அவரவரே தட்டிக்கொண்டால் கடைசியில் கத்திதான் மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். நினைத்து முடிக்கவில்லை, ஸ்டோருக்குப் போகிற வழியில் போக்குப் பாலத்தைப் பார்த்தேன்.

போக்கு உனக்குத் தெரியும். ஓடைக்கு மேலே ஒரு லொறி மட்டும் போகிற சின்னப் பாலம். ஆட்டம் வீடு வீடாகப் போகும்போது அதைத் தாண்டித்தான் ஆகவேண்டும். மேட்டு ரதியும் மன்மதனும் தப்போடு கீழே இறங்கி வந்தார்கள். பள்ளத்து ரதியும் மன்மதனும் தப்போடு மேலே ஏறி வந்தார்கள். பாலத்தின் இரண்டு முனையிலும் இரண்டு கூட்டம். ஒதுங்க யாரும் தயாராக இல்லை. முதலில் தப்பு நின்றது. அப்புறம் பேச்சு நின்றது. பின் வரிசையில் குனிந்து நிமிர்ந்தவர்கள் கையில் கல் இருந்தது. ஒருவன் இடுப்பில் பால் கத்தி, அவன் அதை எடுக்கவில்லை, கை மட்டும் அதன் மேல் இருந்தது. மரப் பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுக்கிற கத்தி, என்ன கூர் இருக்கும் என்று உனக்குச் சொல்லவா வேண்டும்.

ரோட்டோரத்தில் கிராமத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். டீக்கடை முதலாளி என்னைப் பார்த்து, "மொகத மே முதலாளி?" என்றார், என்ன இது என்று. எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும், காதில் விழாதவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த ஊரில் நாம் ஒரு கைப்பிடி சனம். அதற்குள் இரண்டு ரதி. வெட்கம் பிடுங்கித் தின்றது.

முன்னால் நின்றது உன் பிள்ளைகள் இரண்டு பேரும்தான். இரண்டு பேருக்கும் உன் நெற்றி. பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் பாலத்துக்கு நடுவில் போய் நின்றேன்.

"வழி விடுங்க மாமா" என்றான் பெரியவன்.

"விடுறேன். அதுக்கு முன்ன, ஒன் தம்பி என்ன சொல்றான்னு ஒன் வாயால ஒருக்கா சொல்லு."

"வெளையாடுறீங்களா?"

"அப்பன் சட்டம்டா இது. சொல்லு. அவன் ஆமான்னா நான் ஒதுங்கிக்கிறேன்."

"அவன் என்ன சொல்றான்? சங்கத்த ஒழிக்கணும்கிறான். கொழும்புக்காரனுக பேச்சக் கேட்டுக்கிட்டு ஆடுறான்."

சின்னவன் தலையை ஆட்டினான். "நான் அது சொல்லல."

"பின்ன எதுக்குடா ஒனக்குச் சங்கத்து மேல அவ்வளவு காய்ச்சல்? ஒனக்கு அது என்ன கெடுதல் செஞ்சிச்சி?" என்றான் பெரியவன்.

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். "சொல்ல முடியாது. அப்பா சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

பெரியவன் முகம் மாறிவிட்டது. கையில் இருந்த வேப்பங்குழையைக் கீழே விட்டான். "என்னையுந்தான் அப்பா ஒன்னு சொல்லக் கூடாதுன்னாரு. ஒங்கிட்ட."

அப்போது எனக்கு விளங்கியது, மச்சான். அந்த இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டு தடவையும் நீ அப்படிச் சொன்னபோது உன் பக்கத்தில் இருந்தவன். நீ கேட்டுக்கொண்டதால் நானும் வாயைப் பொத்திக்கொண்டவன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க மட்டும் அதுவரைக்கும் தோன்றவில்லை.

"செத்துப்போனவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ரெண்டு பேரும் சொல்லுங்கடா" என்றேன்.

பெரியவன் முதலில் சொன்னான். அப்போது அவன் சிறு பிள்ளை, சின்னவன் தாய் வயிற்றில் இருந்த வருஷம். தோட்டத்து வோட்டெல்லாம் மாறி விழுந்துவிட்டது என்று யாரோ கிளப்பிவிட்ட கதையைக் கேட்டு டவுனிலிருந்து ஒரு கூட்டம் லயத்தை எரிக்க வந்தது. நீ சிங்களத்தில் பேசிப் பார்க்கிறேன் என்று தனியாக இறங்கிப் போனாய். இதே பாலத்தில்தான் உன்னைப் போட்டு அடித்தார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சங்கத்து ஆட்கள் ஓடி வந்துதான் உன்னை மீட்டார்கள். ஒரு வாரம் லயத்துக்குக் காவல் இருந்தார்கள், அவர்கள் சோறு கொண்டுவந்துதான் நம் பிள்ளைகள் சாப்பிட்டன. உன் புருவத்துத் தழும்பு அன்றைக்கு வந்தது. சின்னவனிடம் மட்டும் ரப்பர் கொப்பு விழுந்த காயம் என்று சொல்லி வைத்திருந்தாய்.

"சின்னவன் இந்த ஊர்ல நிமிர்ந்து வளரணும், பயந்துக்கிட்டு வளரக் கூடாது, அவங்கிட்ட சொல்லாதன்னாரு" என்றான் பெரியவன். "அன்னைக்கு அவனுக வரலன்னா அப்பா இல்ல. நீயும் இல்ல. நான் எப்பிடிடா சங்கத்த விட்டுட்டு வருவேன்?"

சின்னவன் அண்ணனைப் பார்க்காமல் ஓடையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்றைக்கு அவன்தான் சங்கத்து ஆளிடம் வேன் கேட்டு ஓடினான். அப்போது பெரியவன் கட்டாரில். வேன் யாரோ மந்திரிக்கு மாலை போட ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வந்துரும் வந்துரும் என்று சொன்னார்கள். கடைசியில் உன்னைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினோம், என் கடைக்கு முன்னால் ஒரு திரீவீல் ஆட்டோ பிடித்தோம். ஆஸ்பத்திரியில், பிந்திப்போச்சு என்றார்கள்.

"பெரியவங்கிட்ட சொல்லாத, அவனுக்குச் சங்கம்னா உசுருன்னு திரீவீல்ல வச்சி அப்பா என் கையப் புடிச்சிக்கிட்டுக் கேட்டாரு. நான் சொல்லல. நீங்க மேடைல என்னைய என்னென்னமோ பேசினப்பவும் நான் சொல்லலியே."

பெரியவன் என்னைப் பார்த்தான். "வரலியா மாமா? யாருமே வரலியா?"

"வரல" என்றேன்.

அவன் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை ஆட்களுக்கு முன்னால் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். பின்னால் இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கல் வைத்திருந்தவர்கள் சத்தமில்லாமல் ஓடையில் போட்டார்கள். பள்ளத்து ரதி வேஷம் கட்டிய பையன் முதலில் நடந்தான், அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக, தப்பு அடிக்காமல், பெரியவனைத் தாண்டிப் போனார்கள். சின்னவன் மட்டும் அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து ஒரு நிமிஷம் நின்றான். கையை நீட்டினான் என்றுதான் நினைத்தேன். நீட்டவில்லை. அவனும் போய்விட்டான்.

கட்டிப்பிடித்து அழுதார்கள், இரண்டு கம்பமும் ஒன்றானது என்று உனக்கு எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பௌர்ணமிக்கு இரண்டு காமனும் தனித்தனியாகத்தான் எரிந்தார்கள். தங்கச்சி இரண்டு இடத்துக்கும் போகாமல் அறைக்குள் விளக்கை ஏற்றிவிட்டு இருந்துவிட்டாள்.

இந்த ஊர் சனம் ஏன் இப்படிப் பிரிந்து நிற்கிறது என்று கடைக்கு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்கிறேன். போன் கெடுத்தது என்கிறார்கள், காசு கெடுத்தது என்கிறார்கள், தலைவர்மார் கெடுத்தார்கள் என்கிறார்கள். இருக்கலாம். நான் பார்த்தது ஒரு வீட்டை. அந்த வீட்டில் ஒருவனுக்கு ஆட்கள் வந்த நாள் தெரியும். இன்னொருவனுக்கு ஆட்கள் வராத நாள் தெரியும். இரண்டும் நடந்தவைதான். ஒருவன் நாள் இன்னொருவனுக்குத் தெரியாததால், எதிரே நிற்பவன் காரணமில்லாமல் வெறி பிடித்து நிற்கிறான் என்று இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள்.

தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நீ.

எதிராளி கேட்டதை அவன் வாய்ப்படியே சொல்லாவிட்டால் டேப்பைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தவன், பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒருவன் கதையை ஒருவன் கேட்காமல் வளர்த்துவிட்டுப் போயிருக்கிறாய். பாசத்தில்தான் செய்தாய், எனக்குத் தெரியாதா? பெரியவன் மனம் உடையக் கூடாது, சின்னவன் பயப்படக் கூடாது. இரண்டு பேரும் சொல் தட்டாத பிள்ளைகள். அதுதான் வினையாகிவிட்டது. சண்டைக்காரப் பிள்ளைகளாக இருந்திருந்தால் என்றைக்கோ கத்தித் தீர்த்து, இந்நேரம் ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். உன் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் என்றால், உன்னை அடக்கின இடத்துக்குப் போய் நின்று நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வந்தேன். பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சின்னவன் கடைக்கு வந்தான். வேலைக்குத் திரும்பப் பையை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். பஸ்ஸுக்கு நேரமாகியும் இங்கேயும் அங்கேயும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, அன்னைக்கு அப்பாவ அடிச்சப்ப அண்ணன் எங்க நின்னிச்சி? பாத்துக்கிட்டா இருந்திச்சி?"

எனக்குத் தெரியும். உன் பெரியவன் ஓடைக்கரைப் புதருக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான். நான்தான் அவனைத் தூக்கி வந்தேன். நுனி நாக்கு வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"அத நான் சொல்ல மாட்டேன். மேல போயி அவங்கிட்டயே கேளு."

"கேட்டா சொல்லுமா?"

"சொல்லலன்னா மறுபடி கேளு. சொன்னா, அவன் சொன்னத அவங்கிட்டயே திருப்பிச் சொல்லு. ஆமான்னு அவன் சொல்ற வரைக்கும் எந்திரிக்காத."

அவன் பையை என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். ரோட்டைக் கடந்து தோட்டத்துப் பாதையில் ஏறினான். இரண்டு தடவை நின்றான். நான் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் வழக்கமாக ஏறுகிற பஸ் வந்து, நின்று, போய்விட்டது. பை இன்னும் இங்கேதான் இருக்கிறது.

அவன் என்ன கேட்டான், பெரியவன் என்ன சொன்னான், எனக்குத் தெரியாது. தெரிந்தால் அடுத்த ஞாயிறு உன் தலைமாட்டில் வந்து சொல்லிவிட்டுப் போகிறேன். உன் மேல் உள்ள கோபம் மட்டும் தீரவில்லை. தீரவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன், மச்சான். எனக்கு எதிரே உட்கார இந்தத் தோட்டத்தில் நீ ஒருத்தன்தான் மிச்சம்.